குட்டி நாயும் சின்னப் பிள்ளைகளும்: கடிக்காமல் பழக்குவது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டில் ஐந்து வயதில் மகள், இரண்டு வயதில் மகன். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருந்தபோது, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் தூக்கி வந்திருக்கிறார். வரும்போது ஒரு மாதக் குட்டி, இப்போது இரண்டு மாதம் ஆகப்போகிறது. மகளின் பாவாடையைப் பிடித்து இழுக்கிறது. மகனின் கையையும் குதிகாலையும் கவ்வுகிறது. பிள்ளை ஓடினால் பின்னாலேயே ஓடி, மேலே தாவித் தள்ளிவிடுகிறது. "மூக்கில் ரெண்டு போடு, இல்லாவிட்டால் கையில் மிளகாயைத் தேய்த்துக் கடிக்கவிடு, தானா அடங்கும்" என்கிறார் மாமியார். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி, குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை தங்கச்சி. நீங்கள் சொன்னதில் எதுவுமே கெட்ட குட்டியின் அறிகுறி இல்லை. ஆனால் வளர்ந்தால் தானாகச் சரியாகும் என்று விட்டுவிடவும் முடியாது. நான் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கரையோர ஊர்களின் நாய்களோடுதான் என் காலம் போயிருக்கிறது. பிள்ளையைக் கடித்துவிட்டது என்று கொண்டுவரும் வீட்டு நாய்களில் பிறவியிலேயே முரடு என்று சொல்லத்தக்கவை குறைவு. குட்டியாக இருந்தபோது யாரும் எதையும் பழக்காமல் வளர்ந்தவை, அல்லது அடித்து வளர்க்கப்பட்டவை, இந்த இரண்டு வகைதான் அதிகம்.

மற்றதைப் படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகள் இருவரின் கை, கால், முகம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். குட்டியின் பல்லோ நகமோ பட்டு எங்காவது தோல் கீறியிருந்தால், இரத்தம் வராவிட்டாலும் சரி, இன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். குட்டிக்கு இன்னும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடும் வயதே வரவில்லை. அதன் தாய்க்குப் போட்டிருக்கிறார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாது. குட்டி நாயிடமிருந்து ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய் வராது என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குட்டிக்கும் அந்த நோய் வரும், அதன் எச்சில் வழியாகப் பரவவும் செய்யும். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் நேரத்தோடு ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம்.

இனிமேல் பல் பட்டால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், விளக்கெண்ணெய் எதையும் வைக்க வேண்டாம், கட்டுப் போட வேண்டாம். அப்புறம் மருத்துவமனை. தோல் கீறாமல் வெறுமனே நக்கியது என்றால் கழுவினால் போதும். கீறல் இருந்தால் ஊசி வேண்டும். இரத்தம் வந்திருந்தால், அல்லது ஏற்கெனவே இருந்த புண்ணில் நக்கியிருந்தால், ஊசியோடு சேர்த்து காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசிக்குப் பணம் கிடையாது. தோலில் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள் என்று வரச் சொல்வார்கள். தசையில் போடும் முறை என்றால் 14-ஆம் நாளும் உண்டு. குட்டி நன்றாகத்தானே துள்ளிக்கொண்டிருக்கிறது, பத்து நாள் பார்த்துவிட்டுப் போடலாம் என்று காத்திருக்காதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் குட்டியைக் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகள் கடிபட்டதை மறைப்பதுண்டு. நாயைத் தொடாதே என்று திட்டியிருப்போம், கடித்தது என்று சொன்னால் இன்னும் திட்டு விழும் என்று பயந்து பாவாடையை இழுத்து மூடிக்கொள்ளும். உங்கள் மகளிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்: "பல்லு பட்டா அம்மாகிட்ட உடனே சொல்லணும், அம்மா திட்ட மாட்டேன்." சொன்னபடி திட்டாமல் இருங்கள்.

சரி, இப்போது குட்டிக்கு வருவோம். நமக்குக் கை எப்படியோ அப்படித்தான் குட்டிக்கு வாய். எதைப் பார்த்தாலும் வாயால்தான் எடுத்துப் பார்க்கும், விளையாடுவதும் வாயால்தான். மூன்றாவது வாரத்திலிருந்து பால் பற்கள் முளைக்கத் தொடங்கும். மொத்தம் 28. தாடையில் பலம் இருக்காது, ஆனால் பல்லின் நுனி அத்தனை கூர். கூடப்பிறந்த குட்டிகளோடு கட்டிப் புரளும்போது ஒன்று அழுத்திக் கடித்தால், கடிபட்டது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். பால் குடிக்கும்போது பல் பட்டால் தாய் எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்ற அளவைக் குட்டி அங்கேதான் கற்கிறது. எட்டு வாரம் வரையாவது தாயோடு விடுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். நம் பக்கத்தில் சோறு நக்கத் தொடங்கியதுமே தூக்கி வந்துவிடுகிறார்கள். உங்கள் குட்டியும் பாதிப் பாடத்தில் வந்ததுதான். எடுத்த வீடு பக்கத்திலேயே இருந்து, தாயும் மற்ற குட்டிகளும் அங்கே நோய் நொடி இல்லாமல் இருந்தால், தினமும் கொஞ்ச நேரம் கொண்டுபோய் அவற்றோடு விளையாட விடுங்கள். அந்தப் பாடத்தை அவை நடத்துகிற மாதிரி நம்மால் நடத்த முடியாது.

அதற்கு வழியில்லை என்றால் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும்தான் நடத்த வேண்டும். பிள்ளைகளை வைத்து நடத்தக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளை கடிபட்டதும் கையை வெடுக்கென்று இழுக்கும், கத்தும், ஓடும். மூன்றுமே குட்டிக்கு "இன்னும் விளையாடு" என்றுதான் கேட்கும். அதனால் முதலில் பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து குட்டியோடு விளையாடுங்கள். பல் கையில் அழுத்தினால் கையை இழுக்காமல் அப்படியே அசைக்காமல் வையுங்கள். வாய் தளர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டு, ஒரு சொல் பேசாமல் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். விடாமல் காலைக் கவ்வினால் கதவுக்கோ தடுப்புக்கோ அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். இருபது முப்பது எண்ணும் நேரம் போதும். திரும்ப வந்து கையைத் தருவதற்குப் பதில் கடிக்க ஒரு பொருளைத் தாருங்கள். அதைக் கடித்தால் "நல்ல பிள்ளை" என்று தட்டிக்கொடுங்கள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பல் பட்டால் விளையாட்டு நிற்கும் என்பது ஒவ்வொரு தடவையும் நடக்க வேண்டும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் நடக்க வேண்டும். நீங்கள் நிறுத்துகிறீர்கள், சாயங்காலம் கொழுந்தன் வந்து கையை ஆட்டி ஆட்டி "புடி, புடி" என்று கடிக்க வைத்துச் சிரிக்கிறார் என்றால் குட்டி எதையும் கற்காது. முதலில் அழுத்திக் கடிப்பதை மட்டும் நிறுத்துங்கள். அது குறைந்ததும் லேசாகப் பல் வைத்தாலும் நிறுத்துங்கள். நாலாவது மாதத்தில் பால் பல் விழத் தொடங்கும், ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும், தாடையும் உரம் ஏறிவிடும். அதற்குள் குட்டிக்கு மெல்லிய வாய் பழகியிருக்க வேண்டும். என்றைக்காவது பயத்திலோ வலியிலோ வாய் வைத்தாலும் அழுத்தாமல் விடுகிற நாயாக அது வளர வேண்டும் என்றால் இந்த மாதங்களை விடக் கூடாது.

இந்த வேளையில் மாமியார் சொன்னதைப் பேசியாக வேண்டும். அவர் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூக்கில் அடித்தால் குட்டி கற்பது "கை வந்தால் வலிக்கும்" என்பதைத்தான். நாளைக்கு அதன் முகத்துக்கு நேரே நீளப் போகிற கை உங்கள் இரண்டு வயது மகனுடையது. அவன் தடவத்தான் கையை நீட்டுவான், குட்டிக்கு அது தெரியாது. மிளகாய் தேய்த்த கையும் அப்படித்தான். அதோடு அந்தக் கையை மகன் கண்ணில் வைத்துக்கொண்டால் வேறு வினை. வாயைப் பொத்தி அமுக்குவது, மல்லாத்தி அழுத்திப் பிடிப்பது, பிடரியைப் பிடித்து உலுக்குவது எல்லாமே இதே கணக்குத்தான். உறுமினால் அடிப்பதும் கூடாது. உறுமல் என்பது "எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ" என்று நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. அடித்தால் உறுமுவதை விட்டுவிடும், பிடிக்காதது பிடிக்காததாகவேதான் இருக்கும். அப்புறம் ஒருநாள் உறுமாமலே கடிக்கும். "ஒரு சத்தமும் போடாமல் கடித்துவிட்டது சார்" என்று கொண்டுவந்த நாய்களில் பலவற்றின் பின்னால் இந்தக் கதை இருந்தது. மாமியாரிடம் இதையே சொல்லி, பேரனின் கையைக் காட்டிச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

தெருப் பையன்கள் குட்டிக்குச் "சூ" காட்டிப் பழக்குவார்கள். ஆட்டின் மேல், கோழியின் மேல், சைக்கிளில் போகிறவர் மேல். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தச் சத்தமே கேட்கக் கூடாது. ஓடுகிற எதையும் துரத்திப் பிடிக்கலாம் என்று பழகிய நாய், ஓடுகிற பிள்ளையைத் தனியாகப் பிரித்துப் பார்க்காது. சிப்பிப்பாறை, கன்னி கலப்பு உள்ள குட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். முயல் துரத்தவே வளர்த்த இனங்கள் அவை, ஓட்டத்தைப் பார்த்தால் கால் தானாக எழும்பும். உங்கள் குட்டி நாட்டு நாய் என்கிறீர்கள். நல்லது. நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்றது, வீட்டோடு ஒட்டிக்கொள்வது.

அடுத்து தூக்கம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதோடு மே மாதப் பள்ளி விடுமுறை. வீடு நிறைய ஆள், தெரு நிறையப் பிள்ளைகள். குட்டி கண் அசந்தால் ஒருவர் தூக்குவார், அவர் இறக்கினால் இன்னொருவர் தூக்குவார். தூக்கம் கெட்ட குட்டி பொழுது சாயும் நேரத்தில் பைத்தியம் பிடித்த மாதிரி வீட்டைச் சுற்றி ஓடும், கிடைத்ததைக் கடிக்கும். நீங்கள் சொன்ன கடியில் பாதி அந்த நேரத்தில்தான் நடக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி என்றால் அதற்கு மருந்து தூக்கம்தான்.

திண்ணை ஓரத்திலோ அடுப்படிக்குப் பின்னாலோ, நிழலும் காற்றும் உள்ள ஒரு மூலையில் சாக்கு விரித்து அதற்கென்று ஓர் இடம் ஒதுக்குங்கள். பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி. குட்டி சாக்கில் இருந்தால் யாரும் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. இதை உங்கள் மகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வாள், தெருப் பிள்ளைகளுக்கும் அவளே சட்டம் சொல்வாள். மகனுக்குச் சொல்லிப் பயனில்லை, அவனுக்குத் தடுப்புத்தான் வேண்டும். இடுப்பளவு உயரத்தில் பனை ஓலைத் தட்டியோ பலகையோ வைத்து அந்த மூலையை மறித்துவிடுங்கள். கையில் கிடைக்கிறதே என்று பழைய வலையைக் கட்டாதீர்கள். நைலான் வலையில் குட்டியின் தலையும் காலும் சிக்கி இறுகிவிடும், கடித்து விழுங்கினால் குடலில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

கடிக்கக் கொடுக்கும் பொருளுக்கும் இதே எச்சரிக்கைதான். வலைக்கயிறு, மிதவைத் துண்டு, தெர்மோகோல் கூடவே கூடாது. பனை மட்டையின் கருக்கு வாயைக் கிழிக்கும். பழைய வேட்டித் துணியை நனைத்து முறுக்கி இரண்டு மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். பல் மாறும் மாதங்களில் அதையே குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்துக் குளிர்ந்ததும் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். மீன் பெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் வேண்டாம்.

இனி பிள்ளைகளும் குட்டியும் சேரும் நேரம். இங்கேதான் நான் ரொம்பக் கண்டிப்பாக இருப்பேன். சின்னப் பிள்ளையையும் நாயையும், அது எவ்வளவு சாதுவானாலும், தனியாக விடக் கூடாது. பக்கத்தில் இருப்பது என்றால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பது அல்ல, கை நீட்டினால் இரண்டு பேரையும் தொடுகிற தூரம். அடுப்பில் வேலை இருக்கிறதா, குட்டி தட்டிக்குப் பின்னால் இருக்கட்டும். போன் பேச வேண்டுமா, அப்படியே. அரை நிமிடம்தானே என்று விடுகிற நேரத்தில்தான் மகன் வாலைப் பிடித்துத் தொங்குவான்.

மகளுக்கு ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுங்கள். பனைமரம் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். குட்டி துள்ளிக்கொண்டு வந்தாலோ பாவாடையைப் பிடித்தாலோ, ஓடாமல், கத்தாமல், இரண்டு கையையும் அக்குளில் மடக்கிக்கொண்டு, மேலே பார்த்தபடி பனைமரமாக நிற்க வேண்டும். அசையாத மரத்திடம் குட்டிக்கு என்ன வேலை, கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். விட்டதும் நீங்கள் குட்டியைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தின்னக் கொடுங்கள். முதலில் குட்டி இல்லாமலே நீங்கள் குட்டியாக நடித்து அவளைப் பழக்குங்கள், விழுந்து விழுந்து சிரிப்பாள், ஆனால் கற்றுக்கொள்வாள். தெரு நாய் துரத்த வரும்போதும் இதே பனைமரம் அவளுக்கு உதவும்.

குட்டிக்கு உட்காரப் பழக்குவது சுலபம். உப்புப் போடாமல் அவித்த மீனை முள் பார்த்து எடுத்து, விரல் நகம் அளவுக்குப் பிய்த்துக்கொள்ளுங்கள். அவித்த முட்டையும் ஆகும். கருவாடு வேண்டாம், அந்த உப்பு குட்டிக்கு ஆகாது. துண்டை மூக்குக்கு மேலே பிடித்து மெல்லப் பின்னால் கொண்டுபோனால் தலை நிமிரும், பின்பக்கம் தானாகத் தரையில் உட்காரும். உட்கார்ந்த கணத்தில் கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் "உக்காரு" என்ற சொல்லுக்கே உட்காரும். அப்புறம் எதற்கும் உட்கார்ந்தால்தான் கிடைக்கும் என்று ஆக்கிவிடுங்கள்: சோறு, வெளியே போவது, தடவல். பிறகு மகளைக் கொஞ்ச தூரத்தில் நிற்கச் சொல்லி, குட்டி அவளைப் பார்த்ததும் உட்கார வைத்துக் கொடுங்கள். அவள் ஒவ்வோர் அடியாக நெருங்கி வரட்டும். துள்ளினால் அவள் பின்னால் போகட்டும். நாலு காலும் தரையில் இருந்தால் பிள்ளை வரும், தீனியும் வரும். தாவினால் இரண்டும் போய்விடும். குட்டி இதைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

தீனியைப் பிள்ளைகள் விரல்நுனியில் பிடித்துக் கொடுக்க வேண்டாம். மகள் தட்டில் போடட்டும். மகன் என்றால் உங்கள் உள்ளங்கைக்கு மேல் அவன் உள்ளங்கையை விரித்து வைத்து, உங்கள் கை கீழே தாங்கியிருக்கட்டும்.

தடவுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தலைக்கு மேலே கை கொண்டுபோனால் பல நாய்களுக்குப் பயம். நெஞ்சிலோ தோள்பட்டையின் பக்கவாட்டிலோ மூன்று தடவை தடவச் சொல்லி, கையை எடுக்கச் சொல்லுங்கள். இன்னும் வேண்டும் என்றால் குட்டியே நெருங்கி வந்து சாயும். தள்ளிப் போனால் போதும் என்று அர்த்தம். கட்டிப்பிடிப்பது நமக்குத்தான் அன்பு. நாய்க்கு அது அசைய முடியாமல் மாட்டிக்கொண்ட நிலை. படம் எடுப்பதற்காகப் பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் நாயின் முகத்தைக் கூர்ந்து பாருங்கள். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கும், கண் மட்டும் பிள்ளையை நோக்கி ஒதுங்கியிருக்கும், அந்தக் கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரியும். காது பின்னால் படிந்திருக்கும். நாக்கு வெளியே வந்து மூக்கை ஒரு நக்கு நக்கும், பக்கத்தில் தின்ன ஒன்றும் இருக்காது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். இதெல்லாம் உறுமலுக்கு முந்திய பேச்சு. இதையெல்லாம் தாண்டி உடம்பு விறைத்து அசையாமல் நின்றுவிட்டால், கத்தாமல் பிள்ளையை எடுத்துவிடுங்கள். வால் ஆடுகிறதே என்று நம்ப வேண்டாம். விறைப்பாக நின்று வால்நுனி மட்டும் ஆடினால் அது சந்தோஷம் இல்லை.

சாப்பாட்டு நேரம்தான் கடற்கரை வீடுகளில் பெரிய ஆபத்து. சின்னவன் தரையில் உட்கார்ந்து முறுக்கு தின்பான். அவன் வாயும் கையும் குட்டியின் வாய் உயரத்தில் இருக்கும். குட்டி முறுக்கைத்தான் கவ்வ வரும், விரலும் சேர்ந்துதான் போகும். பிள்ளை தின்னும்போது குட்டி தட்டிக்குப் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள், பேச்சே இல்லை. அப்புறம் மீன் ஆயும் நேரம். நீங்கள் அரிவாள்மனையில் உட்கார்ந்து தலையையும் குடலையும் ஒதுக்குவீர்கள், குட்டி ஒரு தலையைக் கவ்விக்கொண்டு வாசல் ஓரத்துக்கு ஓடும். வீட்டில் வேறு எதற்கும் முறைக்காத குட்டி மீன் தலைக்கு முறைக்கும். விளையாடிக்கொண்டே சின்னவன் அந்தப் பக்கம் போனால் தீர்ந்தது. மீன் தலை கொடுக்க வேண்டும் என்றால் வேகவைத்து, முள் எடுத்துப் பிசைந்து, அதன் மூலையில் வைத்துக் கொடுங்கள், தின்று முடிக்கும் வரை யாரும் போகாதீர்கள். பழக்கம் வர வேண்டும் என்று தட்டில் கையைவிட்டு அளைவது, பாதியில் பிடுங்குவது வேண்டாம், அது முறைப்பைத்தான் வளர்க்கும். அதற்குப் பதில் குட்டி தின்றுகொண்டிருக்கும்போது நீங்கள் அந்த வழியாகப் போகையில் இன்னும் ருசியான ஒரு துண்டைத் தட்டில் போட்டுவிட்டுப் போங்கள். ஆள் வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரிந்த குட்டிக்கு முறைக்கக் காரணம் இருக்காது. வாயில் உள்ளதை விட வைக்கவும் இதுதான் வழி. முட்டைத் துண்டை மூக்கருகில் காட்டி "விடு" என்று சொல்லுங்கள், விட்டதும் முட்டை, முடிந்தால் முதலில் வைத்திருந்ததையும் திருப்பிக் கொடுங்கள். இதைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள்.

கரைக்குக் கூட்டிப்போவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். தடுப்பூசிகள் முடியாத குட்டிக்கு, தெரு நாய்கள் திரியும் இடத்தில் பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றினால் பிழைப்பது கஷ்டம். ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டிவைக்கவும் வேண்டாம். மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைதான் குட்டி புது மனிதரையும் சத்தத்தையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம். கையில் தூக்கிக்கொண்டு போய் ஐஸ் வண்டி, லோடு ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள், தொப்பி போட்டவர், கூடை சுமப்பவர் எல்லோரையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். தரையில் விடும் வயது வந்ததும் காலையிலோ சாயங்காலமோ போங்கள். உச்சி வெயிலில் மணல் பாதத்தைப் பொத்துவிடும், வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும். வலை உதறிய இடத்தில் கிடக்கும் பேத்தை மீனைத் தின்றால் அதன் நஞ்சில் நாய் செத்துப்போகும். இரையோடு காய்ந்து கிடக்கும் தூண்டில் முள்ளும், திருக்கை, கெளுத்தி முள்ளும் அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

குடற்புழு மருந்தை மறக்காதீர்கள். இரண்டு வாரத்திலிருந்தே கொடுக்க வேண்டியது, மூன்று மாதம் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை. குட்டியின் கழிவு மணலில் கிடந்தால் கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலில் விளையாடும் பிள்ளையின் தோலுக்குள் புகுந்து, பாம்பு நெளிந்த மாதிரி சிவந்த தடமாக அரிக்கும். கழிவை உடனே அள்ளிப் புதைத்துவிடுங்கள், விளையாடியதும் கை கழுவ வையுங்கள். தடுப்பூசியில் பார்வோவுக்கும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் ஆனதை இப்போதே தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நாலு மாதம் ஆகும் வரை போட வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அப்புறம் மருத்துவர் சொல்லும் கணக்கில் ஆண்டுதோறும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளையிடம் சாதுவாக இருக்கிற நாய் எல்லாப் பிள்ளையிடமும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். நாட்டு நாய்க்கு வளர வளர "இது என் வீடு" என்ற எண்ணம் வலுக்கும். உங்கள் மகளும் தெருப் பிள்ளைகளும் விளையாட்டாக மல்லுக்கட்டினால், அவளை அடிக்கிறார்கள் என்று நினைத்து மற்றப் பிள்ளை மேல் பாயலாம். அதனால் இப்போதே ஒவ்வொரு பிள்ளையாக வந்து தீனி போட்டுப் பழகட்டும். பிள்ளைகள் மல்லுக்கட்டும்போது குட்டி தட்டிக்குப் பின்னால். உங்கள் தெருவில் முஸ்லிம் குடும்பங்களும் இருப்பார்கள். தொழுகைக்குப் போகிறவர் மேல் நாயின் எச்சில் பட்டால் அவர் திரும்பக் கழுவிக்கொண்டு வர வேண்டியிருக்கும். யார் மேலும் தாவாத நாயாக வளர்ப்பது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை, அவர்கள் பிள்ளைகளுக்கும் பயம் இருக்காது.

கட்டிப்போடலாமா என்றும் ஒரு கேள்வி. நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாய் பிள்ளைகளைக் கடிக்கும் வாய்ப்பு அதிகம். தப்பித்துப் போக முடியாததால் அதற்குக் கடிப்பது ஒன்றுதான் வழி. பிள்ளைகளும் கயிற்றின் எல்லைக்கு வெளியே நின்று சீண்டும். கட்டுவதைவிடத் தட்டி மேல்.

எத்தனை நாளில் மாறும் என்று கேட்டீர்கள். விடாமல் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் அழுத்திக் கடிப்பது குறைவது கண்ணில் தெரியும். நாலு மாதத்தில் பல் விழும்போது திரும்பக் கொஞ்சம் கூடும், பயப்படாதீர்கள், அதே முறைதான். ஆறு எட்டு மாதத்தில் சொன்ன பேச்சு கேட்காத ஒரு பருவம் வரும், அதுவும் போகும். ஆனால் விளையாட்டே இல்லாமல் விறைத்து நின்று முறைத்துக் கடித்தாலோ, தட்டுப் பக்கம் யார் போனாலும் பாய்ந்தாலோ, நன்றாக இருந்த குட்டி திடீரென்று தொட்டாலே கடித்தாலோ, அதை வீட்டில் வைத்துப் பழக்கப் பார்க்காதீர்கள். உள்ளே எங்காவது வலியோ நோயோ இருக்கலாம். பிள்ளைகளைத் தள்ளி வைத்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

வீட்டுக்காரர் திரும்பக் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார் அல்லவா? அவர் போகிற நாட்களில் பார்த்துக்கொள்ள ஆள் குறைவு. அந்த நாட்களில் குட்டி தட்டிக்குப் பின்னால் இருக்கும் நேரம் கூடட்டும், பயிற்சி குறைந்தாலும் பரவாயில்லை. அவர் கரையில் இருக்கிற நாட்களில் சேர்த்துச் செய்துகொள்ளலாம். குட்டிக்கு எட்டு ஒன்பது மாதம் ஆகி, மகள் பக்கத்தில் வந்தால் தானாக உட்காருகிற நிலை வந்தபின் அவளுக்காகத் தட்டி தேவைப்படாது. சின்னவனுக்கு வேண்டும். அவனுக்கு ஆறேழு வயது ஆகும் வரை, நாய் எவ்வளவு நல்லதாக வளர்ந்தாலும், இருவரையும் தனியாக விட்டுவிட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.